போக்கிமொன் முட்டையில் நல்ல குஞ்சு எடுப்பது எப்படி?

போனில் டிராகன் சிட்டி மாதிரி ஆட்டங்களில் இரண்டை ஜோடி சேர்த்துவிட்டு, எது பிறக்கப்போகிறதோ என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்து பழகிய பிள்ளைகள் திருகோணமலையில் நிறையப் பேர். போக்கிமொன் ஸ்கார்லெட், வயலட்டில் கதை வேறு. குஞ்சு எப்படி வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் நீங்களே தீர்மானிக்கலாம். மிச்சம்தான் அதிர்ஷ்டம்.

2022 நவம்பரில் வந்த இந்த ஆட்டங்கள் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கானவை. இங்கே ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் குறைவு; இருப்பவற்றில் பல வெளிநாட்டுச் சொந்தக்காரர் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்தவையாக இருக்கும். கூடவே போனில் போக்கிமொன் ஹோம் செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் அது உதவும்.

எடுத்துக்காட்டாகக் கிபிள் என்ற போக்கிமொனை வைத்துக்கொள்வோம். வளர்ந்தால் கார்ச்சோம்ப் ஆகும். வேகமும் அடியும் உள்ள சாமான்.

முதலில், எதை மாற்றப்போகிறோம்?

ஒவ்வொரு போக்கிமொனுக்கும் ஆறு அளவுகள் உண்டு: எச்பி, அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், ஸ்பீட். ஒவ்வோர் அளவுக்கும் பின்னால் பிறக்கும்போதே விழுந்த ஓர் எண் இருக்கிறது. 0 முதல் 31 வரை. இதைத்தான் ஐவி என்கிறோம். சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். போட்டிகள் நடக்கும் 50ஆம் லெவலில், வேகத்துக்கே முழுப் பயிற்சியும் கொடுத்த ஜாலி நேச்சர் (அதாவது குணம், அடுத்து வருகிறது) கார்ச்சோம்ப்புக்கு ஸ்பீட் ஐவி 31 என்றால் வேகம் 169. அதே ஐவி 0 என்றால் 151. இந்தப் பதினெட்டுக்குள் எத்தனையோ எதிரிகள் முந்திக்கொண்டு அடித்துவிடுவார்கள்.

அடுத்தது நேச்சர். 25 இருக்கின்றன. பெரும்பாலானவை ஓர் அளவைப் பத்து வீதம் கூட்டி, இன்னொன்றைப் பத்து வீதம் குறைக்கும். ஜாலி வேகத்தைக் கூட்டி ஸ்பெஷல் அட்டாக்கைக் குறைக்கும். கார்ச்சோம்ப் கையால் அடிக்கிற ஆள் என்பதால் அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. மூன்றாவது எபிலிட்டி, அதாவது தனித்திறன். கிபிளுக்கு வழக்கமாகக் கிடைப்பது சாண்ட் வெயில். மறைவாக இருக்கும் ரஃப் ஸ்கின்தான் எல்லோரும் தேடுவது: தொட்டு அடிக்கிறவனுக்குத் திருப்பி வலிக்கும்.

காட்டில் பிடிக்கிற ஒன்றுக்கு ஆறு எண்ணும் 31ஆக விழுவதற்கு 107 கோடியில் ஒரு வாய்ப்புத்தான். அதனால்தான் முட்டை.

பெற்றோரைத் தேடுங்கள்

குஞ்சு எந்த இனம் என்பதைத் தாய்தான் தீர்மானிக்கும். ஆண் கிபிளை வேறு இனப் பெண்ணோடு விட்டால் கிபிள் வராது. இந்தத் தலைவலிக்கு மருந்து டிட்டோ என்ற போக்கிமொன். டிட்டோவோடு சேர்த்தால் ஆணோ பெண்ணோ, மற்றதன் இனம்தான் பிறக்கும். வரைபடத்தின் மேற்குப் பக்கத்தில் வேறு போக்கிமொன் போல வேடம் போட்டுத் திரியும். ஆனால் பிடிப்பதென்றால் டெரா ரெய்டில், அதாவது நாலு பேர் சேர்ந்து ஒன்றை அடித்துப் பிடிக்கும் சண்டையில், பிடியுங்கள். ஐந்து நட்சத்திர ரெய்டில் வரும் டிட்டோவுக்கு நாலு ஐவியாவது 31 இருக்கும். ஆறு நட்சத்திரம் என்றால் ஐந்து. நல்ல டிட்டோ ஒன்று கையில் இருந்தால் அடுத்து எந்த இனத்தை எடுத்தாலும் வேலை பாதி.

கிபிள் பக்கத்தில் நேச்சரையும் எபிலிட்டியையும் மட்டும் பாருங்கள். ஜாலி, முடிந்தால் ரஃப் ஸ்கின். ஐவி எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: முதலில் ஐவியைத் துரத்திவிட்டு, எல்லாம் சேர்ந்த பிறகு நேச்சர் பிழை என்று கண்டுபிடிப்பார்கள். நேச்சரையும் எபிலிட்டியையும் முதலிலேயே பூட்டிவிடுங்கள். ஐவி தானாக வந்து சேரும்.

இன்னொன்று. மின்ட் கொடுத்து மாற்றிய நேச்சர் குஞ்சுக்குப் போகாது. பிறக்கும்போது இருந்ததுதான் போகும். பாட்டில் கேப் கொடுத்து ஹைப்பர் டிரெயினிங்கில் ஏற்றிய ஐவியும் அப்படித்தான். திரையில் எல்லாம் பெஸ்ட் (31ஐ அப்படித்தான் காட்டும்) என்று மினுங்கும், முட்டைக்கு ஒரு பிரயோசனமும் இருக்காது. யாராவது “ஆறும் பெஸ்ட்” என்று டிட்டோ தந்தால், பிறந்ததா ஏற்றினதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டு பொருள், இரண்டு பேருக்கு

ஆட்டத்தில் வரும் மெசகோசா நகரில் டெலிபேர்ட் பிரசண்ட்ஸ் கடை இருக்கிறது. எவர்ஸ்டோன் ஒன்றும் டெஸ்டினி நாட் ஒன்றும் வாங்குங்கள். டெஸ்டினி நாட் 20,000 போகும். ஒருதரம் வாங்கினால் போதும், செலவாகாது.

எவர்ஸ்டோன் ஜாலி கிபிளிடம். அதை வைத்திருப்பவரின் நேச்சர் குஞ்சுக்கு நிச்சயமாகப் போகும். டெஸ்டினி நாட் டிட்டோவிடம். சாதாரணமாகப் பெற்றோரிடமிருந்து மூன்று ஐவிதான் இறங்கும். இது இருந்தால் ஐந்து இறங்கும். எந்த ஐந்து, அதில் எது தாயிடமிருந்து எது தகப்பனிடமிருந்து என்பது மட்டும் அதிர்ஷ்டம். மிச்சமுள்ள ஒன்று 0 முதல் 31 வரை எதுவாகவும் விழும்.

எபிலிட்டிக்குப் பொருள் எதுவும் இல்லை. தாய்க்கு ரஃப் ஸ்கின் இருந்தால் குஞ்சுக்கு வர 60 வீத வாய்ப்பு. டிட்டோவோடு சேர்க்கும்போது ஆண் கிபிளுக்கும் இதே கணக்கு.

பிக்னிக் போடுங்கள்

டீமில் இந்த இரண்டு பேரை மட்டும் விடுங்கள். வேறு பேர் நின்றால் தேவையில்லாத ஜோடியும் முட்டை போடும். தரை சமமான இடத்தில் பிக்னிக்கைத் திறந்து, வாழைப்பழம், பட்டர், பீனட் பட்டர் வைத்து ஒரு சாண்ட்விச் செய்யுங்கள். (நம்முடைய கச்சான்தான், வேறு ஒன்றுமில்லை.) சாப்பிட்டவுடன் எக் பவர் வரும், அரை மணிநேரம் நிற்கும். அதற்குள் மேசைக்குப் பக்கத்துக் கூடையில் முட்டை விழுந்துகொண்டே இருக்கும். கூடை பத்துக்கு மேல் தாங்காது. ஸ்விட்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், ஆனால் இடைக்கிடை வந்து எடுத்துவிடுங்கள்.

பொரிக்க வையுங்கள்

ஃபிளேம் பாடி எபிலிட்டி உள்ள ஒன்றை டீமில் சேருங்கள். ஃபிளெட்சிண்டர் நல்லது, கிடைப்பதும் சுலபம். நடக்க வேண்டிய தூரம் பாதியாகும். மிச்ச ஐந்து இடத்திலும் முட்டை. பிறகு வாகனத்தில் ஏறித் திறந்த வெளியில் வட்டமடியுங்கள்.

கிபிள் முட்டை பொரிக்க 10,240 அடி எடுத்துவைக்க வேண்டும். மாஜிகார்ப்புக்கு 1,280 போதும். அதனால் முதல்முறை செய்பவர்கள் மாஜிகார்ப்பில் கை பழகுவது நல்லது. முறை ஒன்றேதான், பொறுமை மட்டும் எட்டில் ஒரு பங்கு.

தெரிவும் மாற்றமும்

இதுதான் உண்மையான வேலை. போக்கிமொன்களை வைத்திருக்கும் பாக்ஸில் ஐவியைக் காட்டும் ஜட்ஜ் வசதி ஆட்டத்தில் நல்ல தூரம் போன பிறகே திறக்கும். 31 என்றால் பெஸ்ட், 30 என்றால் ஃபெண்டாஸ்டிக், 0 என்றால் நோ குட். பெஸ்ட்டை மட்டும் எண்ணுங்கள். ஃபெண்டாஸ்டிக்கைப் பார்த்து மனம் இளகக்கூடாது, பரம்பரைக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

டிட்டோவுக்கு ஐந்து பெஸ்ட், உங்கள் கிபிளுக்கு ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் கூடையில் சராசரியாக இரண்டு பெஸ்ட்டோடு வரும். மூன்றும் வரும், ஒன்றோடு நிற்பதும் உண்டு. எல்லாமே ஜாலி, அதை எவர்ஸ்டோன் பார்த்துக்கொள்ளும். இதில் ரஃப் ஸ்கின்னும் மூன்று பெஸ்ட்டும் உள்ள ஒன்றை எடுத்து, பழைய கிபிளின் இடத்தில் வைத்து, எவர்ஸ்டோனை அதன் கைக்கு மாற்றுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். டிட்டோவிடம் இல்லாத அளவில் பெஸ்ட் வந்திருந்தால் அந்தக் குஞ்சுதான் தங்கம். மறுபடி பிக்னிக், மறுபடி கூடை. ஒவ்வொரு சுற்றிலும் கிபிள் பக்கம் ஒரு படி ஏறும்.

ஆணும் பெண்ணுமாக நல்ல இரண்டு குஞ்சு வந்துவிட்டால் டிட்டோவுக்கு ஓய்வு கொடுக்கலாம். ஒரே வயிற்றில் பிறந்தவை என்றாலும் ஆட்டம் முறை பார்க்காது. வீட்டில் பெரியவர்கள் எட்டிப் பார்த்து “இதென்ன கூத்து” என்று கேட்டால் பதில் உங்கள் பொறுப்பு.

எங்கே நிறுத்துவது? ஆறும் பெஸ்ட் வரும்வரை போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை என்பது என் கருத்து. கார்ச்சோம்ப்புக்கு ஸ்பெஷல் அட்டாக் வெறும் அலங்காரம். தேவையான ஐந்திலும் பெற்றோர் இருவருக்கும் 31 இருந்தால், டெஸ்டினி நாட்டோடு அந்த ஐந்தும் 31ஆகப் பிறக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. பத்து முட்டைக் கூடைக்குச் சராசரி இரண்டு. எபிலிட்டியையும் சேர்த்தால் ஒன்று. இது தாங்கக்கூடிய கணக்கு. பெற்றோர் இருவருக்கும் ஆறும் 31 என்றாலே குஞ்சுக்கு ஆறாவது விழ 32இல் ஒன்றுதான். ஒரு பாட்டில் கேப்பில் முடிகிற வேலைக்கு நாலைந்து கூடை பொரிப்பானேன்?

அப்படியென்றால் எல்லாவற்றையும் பாட்டில் கேப்பிலேயே ஏற்றலாமே என்று கேட்பீர்கள். ஏற்றலாம். போக்கிமொன் 50ஆம் லெவலை எட்டியிருந்தால் மொண்டெனெவேரா ஊரில் செய்து தருவார்கள். ஆனால் ஒரு கேப் 20,000, ஓர் அளவுக்கு ஒன்று. தவிர, ஹைப்பர் டிரெயினிங்குக்கு ஏற்ற மட்டும்தான் தெரியும், இறக்கத் தெரியாது. டிரிக் ரூம் போட்டு மெதுவாக இருப்பவரை முந்தவைக்கும் டீமுக்கு ஸ்பீட் 0 வேண்டும். அது முட்டையில்தான்.

ஷைனி வேண்டுமா?

நிறம் மாறிப் பிறக்கும் ஷைனி சாதாரணமாக 4,096இல் ஒன்று. பெற்றோர் இரண்டும் வெவ்வேறு மொழி ஆட்டங்களிலிருந்து வந்தவை என்றால் 683இல் ஒன்று. அதோடு பால்டியா டெக்ஸின் (ஆட்டத்தில் பிடித்தவற்றைப் பதியும் பட்டியல்) 400 இனத்தையும் முடித்து ஷைனி சார்ம் வாங்கியிருந்தால் 512இல் ஒன்று. வேற்று மொழிப் பெற்றோரைச் சேர்ப்பதற்கு மசூடா முறை என்று பெயர், ஆட்டத்தைச் செய்யும் கேம் ஃபிரீக் நிறுவனத்தில் முன்பு இருந்த ஜூனிச்சி மசூடாவை வைத்து. 2006இல் வந்த டயமண்ட், பேர்ல் காலத்திலிருந்து இருக்கிறது.

இங்கே எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு: வெளிநாட்டுச் சொந்தக்காரர். ஆனால் தமிழில் ஆட்டம் கிடையாது, எல்லோரும் ஆங்கிலத்தில்தான் விளையாடுகிறோம். ஆகவே லண்டன் மாமாவின் மகனும் டொரன்டோ அக்காவும் ஆங்கில டிட்டோ அனுப்பினால் ஒரு பலனும் இல்லை. நாடு முக்கியமில்லை, மொழிதான் முக்கியம். பாரிஸில் பிரெஞ்சில் விளையாடும் மச்சானைப் பிடியுங்கள். ஜெர்மனியில் இருக்கும் சித்தி பிள்ளையும் சரி, அவர் ஜெர்மன் மொழியில் வைத்திருந்தால். நேரடியாக மாற்றுவதென்றால் இருவருக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா வேண்டும், ஒரே நேரத்தில் உட்காரவும் வேண்டும். கோடையில் இங்கே இரவு எட்டரை என்றால் பாரிஸில் மாலை ஐந்து.

சந்தா இல்லாதவர்கள் ஹோம் செயலி வழியாகப் போகலாம். ஸ்விட்சிலும் ஹோமைப் போட்டு, ஒன்றை அங்கே ஏற்றி, போனில் ஜிடிஎஸ் (முன்பின் தெரியாதவரோடும் மாற்றிக்கொள்ளும் பகுதி) திறந்து டிட்டோ கேட்டு வையுங்கள். வந்ததன் விவரப் பக்கத்தில் மொழிக்குறி இருக்கும். ஆங்கிலம் இல்லாத எதுவும் போதும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 683 முட்டை பொரித்தால் கட்டாயம் ஒன்று வரும் என்று அர்த்தமில்லை. அவ்வளவும் பொரித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஷைனியைத் தனியாகத் துரத்தாமல், மேலே சொன்ன ஐவி வேலையையே வேற்று மொழி டிட்டோவோடு செய்யுங்கள். வந்தால் லாபம்.

மிஞ்சும் குஞ்சுகளை விடுவிக்க வேண்டாம். மூன்று பெஸ்ட் உள்ள ஜாலி கிபிள் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குப் பெரிய உதவி. பக்கத்தில் ஸ்விட்ச் உள்ளவர் இருந்தால் ஆட்டத்து மெனுவில் உள்ள போக்கி போர்ட்டலில் இணையத்தில் சேராமலே லிங்க் டிரேட் போகலாம். இருவரும் ஒரே எட்டு இலக்கக் குறியீட்டை அடித்தால் போதும், டச்சு பே கடற்கரையில் இருந்துகொண்டும் மாற்றலாம். டேட்டா ஒரு சதமும் போகாது.