வெப் டெவலப்பராகக் குடியேற விண்ணப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ திறன்சார் குடியேற்றத்தில் செல்ல விரும்பும் வெப் டெவலப்பர்கள் மொழித்தேர்வுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். தொழில் குறியீட்டையோ, அதாவது ஒவ்வொரு தொழிலுக்கும் அந்த நாட்டு அரசு பயன்படுத்தும் எண்ணையோ, அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். பல விண்ணப்பங்கள் சிக்கலில் மாட்டுவது இங்கேதான்.

பதவிப் பெயரை வைத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. அதிகாரி பார்ப்பது அன்றாட வேலையை. கனடாவில் வலைத்தள நிரலாளருக்கு 21234, வலைத்தள வடிவமைப்பாளருக்கு 21233, பொதுவான மென்பொருள் நிரலாளருக்கு 21232. 2022 நவம்பர் 16 வரை முதல் இரண்டும் 2175 என்ற ஒரே குறியீட்டில் இருந்தன. அந்தப் பழைய எண்ணைச் சொல்லும் ஆலோசனைகளை இப்போது நம்ப வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் வெப் டெவலப்பரின் குறியீடு 261212. இது குறுகிய காலத் தேவைக்கான தொழில் பட்டியலைச் சேர்ந்தது என்பதால், யாருடைய நியமனமும் இல்லாமல் பெறும் 189 விசாவுக்குப் பயன்படாது. மாநில நியமனத்தோடு, அதாவது ஒரு மாநில அரசின் பரிந்துரையோடு, 190 அல்லது 491 விசாவையே நாட வேண்டும். 189 வேண்டும் என்பதற்காகவே சிலர் மென்பொருள் பொறியாளருக்குரிய 261313-க்குத் தாவுகிறார்கள். உங்கள் வேலை உண்மையிலேயே அப்படிப்பட்டதென்றால் தயங்க வேண்டியதில்லை. செய்யாத வேலையைச் செய்ததாகப் பணி அனுபவக் கடிதத்தில் எழுதச் சொல்லும் ஏஜென்டை மட்டும் அன்றே விட்டு விலகுங்கள். தவறான தகவல் தந்தது உறுதியானால் கனடா 5 ஆண்டுகளுக்குத் தடை விதிக்கும். ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டுகள். அந்தத் தடை விழுவது ஏஜென்டின் மீதல்ல, உங்கள் மீது.

அடுத்தது பணி அனுபவக் கடிதம். என் பார்வையில் மிக அதிக கவனம் கேட்பது இதுதான். "இவர் எங்களிடம் வெப் டெவலப்பராகப் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்" என்ற இரண்டு வரிக் கடிதம் எதையும் நிரூபிக்காது. அரசு வெளியிட்ட தொழில் விளக்கத்தை வரிக்கு வரி நகலெடுத்த கடிதம் அதைவிடக் கெடுதல். படித்தவுடனே சந்தேகம் எழும். பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், பொறுப்புகள் எல்லாம் இருக்கட்டும். பொறுப்புகளை உங்கள் வேலையின் சொற்களிலேயே எழுத வையுங்கள்: விற்பனைத் தளத்தின் பணம் செலுத்தும் பகுதியை ரியாக்டில் எழுதியது, பழைய பிஎச்பி நிரலைச் சீரமைத்தது, தரவுத்தள வினவல்களை வேகப்படுத்தியது என்பதுபோல. மனிதவளத் துறை விரிவான கடிதம் தர மறுத்தால், உங்கள் வேலையை நேரில் அறிந்த மேலாளரின் கையெழுத்திட்ட கடிதத்தோடு சம்பளச் சீட்டுகளையும் நியமன ஆணையையும் சேருங்கள். இவற்றை வேலையில் இருக்கும்போதே திரட்டிவிடுவது நல்லது. நிறுவனம் மூடப்பட்ட பிறகு யாரிடம் கேட்பது?

ஃப்ரீலான்ஸ் வேலை செய்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கனடாவில் ஃபெடரல் திறன் தொழிலாளர் திட்டத்தில் சுயதொழில் அனுபவம் செல்லும். கனடாவிலேயே வேலை செய்தவர்களுக்கான கனடிய அனுபவப் பிரிவில் செல்லாது. செல்லும் இடத்திலும் நீங்களே எழுதிக்கொடுக்கும் பட்டியல் போதாது. வாடிக்கையாளர்களின் கடிதமும் பணம் வந்ததற்கான ஆதாரமும் தேவை.

கடைசியாக, ஆண்டுக் கணக்கு. ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும் கணினித் துறையினரின் தகுதியை ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம் (ACS) மதிப்பிடும்போது, பட்டம் தொழிலோடு நெருங்கிப் பொருந்தியிருந்தாலும் பொதுவாக முதல் 2 ஆண்டு அனுபவத்தைக் கழித்துவிடும். அந்த அளவுக்குப் பொருந்தாத கணினிப் பட்டமென்றால் 4 ஆண்டு. ஆஸ்திரேலியா புள்ளிகளின் அடிப்படையில் தேர்வு செய்கிறது; ஆஸ்திரேலியாவுக்கு வெளியே 5 ஆண்டு வேலை செய்தவர் அனுபவத்துக்கு 10 புள்ளி என்று கணக்குப் போட்டிருப்பார். கழித்த பின் மிஞ்சுவது 3 ஆண்டு, அதற்கு 5 புள்ளிதான். மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வரும் முன்பே, விசா அழைப்புக்காக முதலில் பதியும் விருப்ப மனுவில் (EOI) 10 என்று குறித்து, அதன்மேல் அழைப்பும் வந்து, விசாக் கட்டணமும் செலுத்திவிட்டால், நிரூபிக்க முடியாத அந்த 5 புள்ளிக்காகவே விசா மறுக்கப்படலாம். கட்டிய கட்டணமும் பொதுவாகத் திரும்பி வராது.