வாட் நம்பரை மட்டும் பாத்து சார்ஜர் வாங்காதீங்க: போனுக்கும் டேப்லெட்டுக்கும் பொருந்துற சார்ஜர், கேபிள் எடுக்குறது எப்படி

என் சாம்சங் டேப்புக்கு 65 வாட் சார்ஜர் ஒண்ணு வாங்கினேன். டேப் 45 வாட் வரைக்கும் இழுக்கும், இது 65 குடுக்குது, அப்புறம் என்ன கவலைன்னு யோசிக்காம எடுத்துட்டேன். கொண்டு வந்து சொருகினா ஸ்கிரீன்ல வெறும் "ஃபாஸ்ட் சார்ஜிங்"னு மட்டும் காட்டுது, "சூப்பர் ஃபாஸ்ட்" வரவே இல்ல, 20 பர்சென்ட்லேர்ந்து ஃபுல் ஆக ரெண்டரை மணி நேரம் ஆச்சு. கேபிள் மாத்திப் பாத்தேன், பிளக் மாத்திப் பாத்தேன், டேப்பை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். கடைசில சார்ஜரோட அடிப்பக்கம் இருந்த பொடி எழுத்தை போன் கேமராவுல ஜூம் பண்ணிப் படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சது: அதுல பி.பி.எஸ்ங்கிற வரியே இல்ல (அது என்னன்னு கீழ சொல்றேன்). சார்ஜர் மேல தப்பில்ல, என் டேப்புக்கு அது ஜோடி இல்ல, அவ்ளோதான். அந்தக் காசு உங்களுக்கும் போக வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல ஏத்திக்கோங்க. வேகமா சார்ஜ் ஏறணும்னா போன், சார்ஜர், கேபிள் மூணும் ஒத்துப்போகணும். சொருகின உடனே போனும் சார்ஜரும் கேபிளுக்குள்ள இருக்குற ஒரு சின்ன ஒயர் வழியா பேசிக்கும், "என்கிட்ட 5 வோல்ட் இருக்கு, 9 வோல்ட் இருக்கு, எது வேணும்"னு சார்ஜர் கேக்கும், போன் தனக்கு வேணுங்கிறதை எடுத்துக்கும். ரெண்டு பேரும் பேசுற பாஷை வேற வேறயா இருந்தா, சண்டையெல்லாம் வராது, பேசாம 5 வோல்ட்டுக்கு இறங்கிடும், நீங்க 100 வாட் சார்ஜர் வச்சிருந்தாலும் 10, 15 வாட்தான் ஏறும்.

இந்த பாஷைங்க என்னென்னன்னு பாத்துடுவோம். பொதுவானது யு.எஸ்.பி பவர் டெலிவரி, சுருக்கமா பி.டி. இது 5, 9, 15, 20 வோல்ட்னு படிப்படியா குடுக்கும். 2021ல வந்த 3.1 வெர்ஷன்ல 48 வோல்ட், 240 வாட் வரைக்கும் போகுது, ஆனா அது லேப்டாப்புக்கு, போன்காரங்க அதைப் பத்தி கவலைப்பட வேண்டாம். பி.டிக்குள்ளயே இருக்குற இன்னொரு வசதிதான் பி.பி.எஸ். இதுல வோல்ட்டேஜ் 5, 9னு தாவாது, 20 மில்லிவோல்ட் படிப்படியா ஏத்தி இறக்கலாம், பேட்டரிக்கு அந்த நிமிஷம் எவ்ளோ வேணுமோ கிட்டத்தட்ட அதையே சார்ஜர் அனுப்பும், அதனால வோல்ட்டேஜைக் குறைக்கிற வேலை போனுக்குள்ள கம்மியாகுது, சூடும் கம்மியாகுது. சாம்சங்கோட சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கு இந்த பி.பி.எஸ் கட்டாயம் வேணும். ஐபோன், ஐபேடுக்கு வேண்டாம், வெறும் பி.டி போதும்.

அப்புறம் போன் சிப் செய்யுற குவால்காம் கம்பெனியோட குவிக் சார்ஜ்னு ஒண்ணு. பழைய 2.0, 3.0 சார்ஜருங்க பி.டி பேசாது, 4ங்கிற வெர்ஷன்லேர்ந்து பி.டியோட ஒத்துப்போகும். கடைசியா கம்பெனிங்க தனித்தனியா வச்சிருக்குற சொந்த பாஷை, ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மீல வர்ற சூப்பர்வூக் மாதிரி. இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 65 வாட் சூப்பர்வூக்னா 10 வோல்ட், 6.5 ஆம்ப். சாதாரண டைப்-சி கேபிள் ஸ்டாண்டர்டுல அதிகபட்சமே 5 ஆம்ப்தான், அதனால அவங்க சார்ஜரும் அவங்க கேபிளும் சேந்தாதான் அந்த ஸ்பீடு வரும். வேற கேபிள் போட்டா பழைய போன் மாதிரி மெதுவா ஏறும். அதே மாதிரி அந்த சார்ஜரைக் கொண்டுபோய் ஐபேடுல சொருகினீங்கன்னா, அந்த சார்ஜர் பி.டி இல்லாத மாடலா இருந்தா 10 வாட் சொச்சம்தான். அதனால இந்த போன் வச்சிருக்கவங்க பாக்ஸ்ல வந்த சார்ஜரையும் கேபிளையும் ஜோடியாவே பத்திரமா வச்சுக்கோங்க, ஒண்ணு தொலைஞ்சா அதே கம்பெனி ஐட்டமா பாத்து வாங்குங்க, வேற வழியில்ல.

சரி, இப்ப சார்ஜர் வாங்கப் போறீங்க. பாக்ஸோட முன்பக்கத்தை விட்டுடுங்க, பின்னாடி திருப்புங்க, "அவுட்புட்"னு ஆரம்பிக்கிற வரிங்கதான் உண்மை. ஒரு உதாரணம் காட்டுறேன். சாம்சங்கோட 25 வாட் அடாப்டர்ல ரெண்டு வகை வரி இருக்கும்: ஒண்ணு 5 வோல்ட் 3 ஆம்ப், 9 வோல்ட் 2.77 ஆம்ப், இது சாதா பி.டி. இன்னொண்ணு 3.3-லேர்ந்து 5.9 வோல்ட் வரை 3 ஆம்ப், 3.3-லேர்ந்து 11 வோல்ட் வரை 2.25 ஆம்ப். இப்படி "இதுலேர்ந்து இது வரை"ன்னு வோல்ட்டேஜ் போட்டிருந்தா அதுதான் பி.பி.எஸ். வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்குனா வாட், 9ஐ 2.77ஆல பெருக்குங்க, 25 வரும். இந்த ஒரு கணக்கு தெரிஞ்சா போதும், எந்த விளம்பரமும் உங்களை ஏமாத்த முடியாது.

பி.பி.எஸ் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, அங்கயும் ஒரு பள்ளம் இருக்கு. 45 வாட் சாம்சங் போனோ டேப்போ வச்சிருந்தா அந்த 11 வோல்ட் வரியில 4 ஆம்ப்புக்கு மேல இருக்கணும். நிறைய 65 வாட் சார்ஜருங்கள்ல பி.பி.எஸ் இருக்கும், ஆனா அந்த வரியில 3 ஆம்ப்தான் இருக்கும், ஏன்னா 65 வாட்டுங்கிறது 20 வோல்ட்ல லேப்டாப்புக்குத்தான் வரும். அதுல சொருகினா ஸ்கிரீன்ல "சூப்பர் ஃபாஸ்ட்"னு வரும், 45 வாட் வேகத்துக்கு வர்ற "சூப்பர் ஃபாஸ்ட் 2.0" வராது. நான் ரெண்டாவது தடவை வாங்கும்போது இந்த ஒரு வரியைப் பாத்துதான் எடுத்தேன்.

ஐபோன் வச்சிருக்கவங்களுக்கு வேலை ஈஸி. ஐபோன் 8லேர்ந்து எல்லாமே பி.டி பேசும், 20 வாட் பி.டி சார்ஜர் இருந்தா பெரும்பாலான மாடல்ல அரை மணி நேரத்துல பாதி ஏறிடும். ஐபோன் 14 வரைக்கும் லைட்னிங் பின், அதுக்கு ஒரு பக்கம் டைப்-சி இருக்குற லைட்னிங் கேபிள்தான் வேணும், பழைய அகலமான யு.எஸ்.பி வாய் உள்ள கேபிள்ல 12 வாட்டுக்கு மேல எதிர்பாக்காதீங்க. 2023ல வந்த 15லேர்ந்து டைப்-சி. ஐபேடுக்கு 20 வாட்டே ஓடும், ஆனா ஐபேட் ப்ரோவா இருந்தா 30 வாட் வாங்குங்க, வித்தியாசம் தெரியும்.

டேப்லெட்டுக்கு ஏன் இவ்ளோ கவனம்னா பேட்டரி சைஸ்தான் காரணம். 8000 எம்.ஏ.எச் பேட்டரியை வாட்-அவர் கணக்குல மாத்துனா கிட்டத்தட்ட 31 வரும். பழைய 10 வாட் போன் சார்ஜர்ல அது நிரம்ப நஷ்டமே இல்லாம கணக்குப் போட்டாலே மூணு மணி நேரம், நிஜத்துல நாலு மணி நேரத்தைத் தாண்டும். பசங்க சார்ஜ்ல போட்டுக்கிட்டே வீடியோ பாத்தா ஏறுறதும் இறங்குறதும் சரியாப் போயிடும், "டேப்லெட் பேட்டரி போயிடுச்சு"ன்னு நினைச்சு சர்வீசுக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க, பேட்டரி நல்லாத்தான் இருக்கும்.

இப்ப கேபிள். இதைத்தான் எல்லாரும் அலட்சியம் பண்றாங்க, எனக்கு இதுல ரொம்பவே ஆதங்கம். ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்குற சாதா கேபிள் 3 ஆம்ப்புக்குத்தான், அதாவது 20 வோல்ட்ல 60 வாட். அதுக்கு மேல 5 ஆம்ப் போகணும்னா கேபிளோட பின்னுக்குள்ள இ-மார்க்கர்னு ஒரு சின்ன சிப் இருக்கணும், அது "நான் 5 ஆம்ப் தாங்குவேன்"னு சார்ஜர்கிட்ட சொல்லும், சொல்லலைன்னா சார்ஜர் 3 ஆம்ப்போட நிறுத்திக்கும். இங்கதான் குழப்பம்: "45 வாட்தானே, 60 வாட் கேபிள் போதுமே"ன்னு தோணும். போதாது. சாம்சங் 45 வாட்டை 10 வோல்ட் பக்கத்துல 4 ஆம்ப்புக்கு மேல வச்சு இழுக்குது, அதனால 5 ஆம்ப் கேபிள் வேணும். கேபிள் மேல 5ஏ, 100 வாட், 240 வாட் இதுல ஏதாவது போட்டிருந்தா எடுத்துக்கலாம்.

ஒயரோட தடிமனும் முக்கியம். சில கேபிள் மேல 28 ஏ.டபிள்யூ.ஜி, 24 ஏ.டபிள்யூ.ஜின்னு அச்சடிச்சிருப்பாங்க, நம்பர் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும். பவர் போற ஒயர் 28ஆ இருந்தா ஒரு மீட்டர் கேபிள்ல போக வர சேத்து 0.4 ஓம் தடை இருக்கும், அதுல 2 ஆம்ப் ஓடுனா 0.8 வோல்ட் வழியிலேயே காலி, 5 வோல்ட் கிளம்பி போனுக்கு 4.2தான் போய்ச் சேரும். ரெண்டு மீட்டர் கேபிள்னா டபுள். கட்டில்ல படுத்துக்கிட்டே போன் பாக்கணும்னு நீளக் கேபிள் வாங்குறவங்க தடிமனானதா பாத்து வாங்குங்க, இல்லன்னா ஒரு மீட்டரோட நிறுத்திக்கோங்க.

விலை கம்மியான ஏ-டு-சி கேபிள்ல, அதாவது ஒரு பக்கம் பழைய அகலமான யு.எஸ்.பி வாயும் இன்னொரு பக்கம் டைப்-சியும் உள்ளதுல, இன்னொரு ஆபத்து. அதுக்குள்ள 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கணும், "இது பழைய வகை போர்ட், அளவா இழு"ன்னு போனுக்கு அதுதான் சொல்லும். தப்பான ரெசிஸ்டர் போட்ட கேபிள் "3 ஆம்ப் இழுத்துக்கோ"ன்னு பொய் சொல்லும், பாவம் அந்த லேப்டாப் போர்ட்டோ பழைய அடாப்டரோ தாங்காம சூடாகும். கூகுள்ல எஞ்சினியரா இருந்த பென்சன் லியுங் 2015ல இப்படிப்பட்ட கேபிளுங்களை ஒவ்வொண்ணா வாங்கி டெஸ்ட் பண்ணி எது மோசம்னு எழுதினார், 2016ல தப்பா ஒயரிங் பண்ணின ஒரு கேபிளால அவரோட லேப்டாப்பே போயிடுச்சு. அதனால பேரே இல்லாத கேபிளைத் தொடாதீங்க. பவர் பேங்க், கார் சார்ஜர் எல்லாத்துக்கும் இதே கதைதான், அவுட்புட் வரியைப் படிங்க.

"பெரிய வாட் சார்ஜர் போட்டா போன் வெடிச்சிடுமா"ன்னு எங்க வீட்ல அடிக்கடி கேப்பாங்க. இல்ல. எவ்ளோ வேணும்னு முடிவு பண்றது போன்தான், 100 வாட் பி.டி சார்ஜர்ல 20 வாட் போன் 20தான் எடுக்கும். பயப்பட வேண்டியது வாட்டைப் பாத்து இல்ல, தூக்குனா காத்து மாதிரி லேசா இருக்குற போலி அடாப்டரைப் பாத்து. வீட்டுக் கரண்ட் வர்ற பக்கத்தையும் போன் பக்கத்தையும் பிரிக்கிற வேலை உள்ள ஒழுங்கா இருக்கணும், அதுல மிச்சம் பிடிக்கிறவங்ககிட்ட வாங்குறது உயிரோட விளையாடுற மாதிரி.

ரெண்டு மூணு போர்ட் உள்ள சார்ஜர்னா பாக்ஸ்ல இருக்குற வாட் மொத்தக் கணக்கு. 65 வாட்னு போட்டிருந்தாலும் ரெண்டாவது போனை சொருகினதும் 45, 20ன்னு பிரிஞ்சுடலாம், அந்தப் பிரிவு எப்படின்னு பின்னாடி சின்னதா போட்டிருப்பாங்க, பாத்துக்கோங்க. ரெண்டாவதை சொருகும்போது முதல் போன் ஒரு செகண்ட் சார்ஜ் நின்னு திரும்ப ஆரம்பிச்சா பதறாதீங்க, மறுபடியும் பேரம் பேசிக்குது.

சில விலை கம்மி டேப்லெட்டுங்க டைப்-சி வாய் வச்சிருந்தும் சி-டு-சி கேபிள்ல சார்ஜே ஏறாது, ஏ-டு-சில மட்டும் ஏறும். தயாரிக்கும்போதே போர்ட்ல போட வேண்டிய ரெசிஸ்டரை விட்டிருப்பாங்க, அதனால சார்ஜருக்கு எதிர்ல ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அந்த டேப்புக்குன்னு ஒரு பழைய அடாப்டரைத் தனியா வச்சுடுங்க, புது சார்ஜர் வாங்கி காசை விடாதீங்க.

வாங்கின அன்னைக்கே டெஸ்ட் பண்ணிடுங்க, ரிட்டர்ன் டைம் முடியுற வரை விடாதீங்க. பேட்டரி 20, 30 பர்சென்ட்ல இருக்கும்போது சொருகிப் பாருங்க, 80க்கு மேல எந்த போனும் தானே வேகத்தைக் குறைச்சுக்கும், அப்ப பாத்துட்டு சார்ஜர் சரியில்லன்னு சொன்னா பாவம். ஸ்கிரீன்ல என்ன எழுத்து வருதுன்னு பாருங்க, கால் மணி நேரத்துல எத்தனை பர்சென்ட் ஏறுதுன்னு குறிச்சுக்கோங்க, முடிஞ்சா நடுவுல மாட்டுற யு.எஸ்.பி மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, வோல்ட் ஆம்ப் ரெண்டையும் நேர்லயே காட்டும். சார்ஜர் வெதுவெதுப்பா இருக்குறது சகஜம், கைய வைக்க முடியாம சுட்டா உடனே பிடுங்கிடுங்க. எல்லாம் சரியா இருந்தும் மெதுவா ஏறுதுன்னா போனை ஆஃப் பண்ணிட்டு போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பாக்கெட் தூசி அடைஞ்சிருந்தா பின் முழுசா உள்ள போகாது, மரத்துல செஞ்ச பல்குச்சியால மெதுவா எடுங்க, ஊசி கீசி உள்ள விடாதீங்க.

அப்புறம் நல்ல கேபிள் எதுன்னு கண்டுபிடிச்சதும் அதோட ரெண்டு முனையிலயும் கலர் டேப் ஒட்டிடுங்க. எங்க வீட்ல சிவப்பு டேப் ஒட்டினது 5 ஆம்ப், டேப்லெட்டுக்கு மட்டும், அதை வேற யாரும் எடுக்க மாட்டாங்க.