நுண்கலைப் பட்டப்படிப்பு: சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுத்துப் படிக்கும் முறை

பிளஸ் டூ முடித்து நுண்கலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் முதலில் கேட்பது, எந்தப் பிரிவுக்கு மதிப்பு அதிகம் என்பதே. இக்கேள்விக்கு யார் என்ன பதில் சொன்னாலும் அது மாணவருக்கு உதவாது. களிமண், செப்புத் தகடு, தறி, ஓவியம் தீட்டும் கித்தான் ஆகியவற்றுள் எதனோடு காலை முதல் மாலை வரை சலிப்பின்றி இருக்க முடியும் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகளையும் பட்டறையில் கழிக்கப் போகிறவர் அவர்தான்.

தமிழ்நாட்டில் இப்படிப்புக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை பெரியமேட்டில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் ஆகியோர் அங்கே முதல்வர்களாக இருந்தனர்; மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரியின் படைப்பு. வண்ணக்கலை, சிற்பக்கலை, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன்), சுடுமண் வடிவமைப்பு, துகிலியல் (துணி) வடிவமைப்பு, தகடு, கட்டை முதலியவற்றிலிருந்து தாளில் படத்தை அச்சிட்டு எடுக்கும் பதிப்போவியம் ஆகிய பிரிவுகள் அங்கே உள்ளன. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. மரபுச் சிற்பத்தை முறையாகக் கற்க விரும்புவோருக்கு, 1957-இல் தொடங்கப்பட்ட மாமல்லபுரம் கல்லூரி உண்டு.

விண்ணப்பத்தில் பிரிவின் பெயரை எழுதுவதற்கு முன்பு அந்தப் பட்டறையை நேரில் பார்த்துவிடுங்கள். மாணவர் கண்காட்சி நடக்கும் நாளில் போனால் முடிந்த படைப்புகளை மட்டுமே காண முடியும். வேலை நடக்கும் சாதாரண நாளில் அனுமதி பெற்றுப் போவதே பயனுள்ளது. அங்கே படிக்கும் மாணவரிடம், இந்த ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆயிற்று, எந்த இடத்தில் கெட்டுப்போகும், கெட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்டு உங்களுக்கு ஆசை கூடினால் அந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும்.

நுழைவுத் தேர்வுக்குக் கையால் வரைந்து பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. கைபேசிப் படத்தைப் பார்த்து அப்படியே வரையும் பழக்கம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. ஒளியும் நிழலும் ஏற்கெனவே தட்டையாகிவிட்ட படத்தை நகலெடுப்பதால் கண்ணுக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. வீட்டிலுள்ள குடம், மடித்த வேட்டி, கழற்றிப் போட்ட செருப்பு ஆகியவற்றை ஒரே பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் வைத்து வரையுங்கள். பிறகு பேருந்து நிலையத்திலோ காய்கறிச் சந்தையிலோ அமர்ந்து, அசையும் மனிதர்களை ஒரு நிமிடத்துக்குள் கோடுகளாகப் பிடியுங்கள். வீடு திரும்பியதும் அதே காட்சியை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். எதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது அந்த இரண்டாவது தாளில் தெரிந்துவிடும்.

ஒரு பிரிவைத் தேர்ந்தெடுப்பது எத்தகைய வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பது என்பதை விளக்க, அதிகம் பேசப்படாத பதிப்போவியத்தை எடுத்துக்கொள்கிறேன். அமிலத்தால் அரித்துப் பதிக்கும் முறையில் முதல் வேலை துத்தநாகத் தகட்டின் விளிம்புகளைச் சரிவாக அரத்தால் ராவுவது. அதைச் செய்யாவிட்டால் அழுத்தும்போது தாள் கிழிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, தேன்மெழுகும் தாரும் கலந்த பூச்சைத் தடவி, அது உலர்ந்தபின் ஊசியால் கோடு இழுத்தால், பூச்சு விலகிய இடத்தில் மட்டும் உலோகம் பளிச்சிடும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தகட்டை மூழ்கவிட்டதும் கோடுகளின் மேல் சிறுசிறு குமிழிகள் எழும். அவற்றை ஓர் இறகால் மெல்ல வருடி அகற்ற வேண்டும், இல்லையேல் கோடு சீராக அரிபடாது. பிறகு பூச்சைத் துடைத்து, மையைத் தேய்த்து, பள்ளத்தில் உள்ள மை மட்டும் தங்கும்படி மேற்பரப்பைத் துணியால் வழித்து, நனைத்து ஈரம் ஒற்றிய தாளை மேலே வைத்து, கம்பளி விரிப்புக்கு அடியில் அச்சுருளை வழியே செலுத்துவார்கள். தாளை உரித்துப் பார்க்கும்போது படம் இடவலம் மாறி வந்திருக்கும். எழுத்தோ இடக்கை வலக்கையோ இருந்தால் அதை முன்கூட்டியே திருப்பி வரைந்திருக்க வேண்டும். இத்தனை படிகளில் எந்த ஒன்றிலும் அவசரப்பட இயலாது. நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றவே கூடாது என்ற விதியையும், கையுறை, காற்றோட்டம் பற்றிய விதிகளையும் முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். பொறுமையும் ஒழுங்கும் உடையவருக்கு இப்பிரிவு அளிக்கும் நிறைவு பெரிது.

சிற்பம் வேறு வகையான உழைப்பு. மாமல்லபுரத்தில், முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாள அளவுகளின்படி உருவத்தைப் பகுத்து வடிக்கும் மரபு முதன்மை பெறுகிறது. சென்னையில் மனித உடலை நேரில் பார்த்துக் களிமண்ணில் உருவாக்குவதிலிருந்து தொடங்கி நவீன வடிவங்களுக்குச் செல்ல முடியும். இரண்டும் வெவ்வேறு பாதைகள் என்பதை அறிந்தே சேர வேண்டும். கும்பகோணத்தில் படிப்பவர்கள் அருகிலுள்ள சுவாமிமலைக்குச் சென்று, மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் படலம் படலமாகப் பூசி வார்க்கும் ஸ்தபதிகளின் வேலையைப் பார்க்காமல் இருந்தால் அது பெரிய இழப்பு. காட்சிவழித் தகவல் வடிவமைப்பைக் கணினிப் படிப்பு என்று கருதிச் சேர்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தமிழ் எழுத்தின் வளைவையும் எழுத்துகளுக்கு நடுவே விடும் வெளியையும் கையால் வரைந்து உணராதவர், மென்பொருளில் எவ்வளவு தேர்ந்தாலும் நல்ல வடிவமைப்பாளராவது கடினம்.

கலை வரலாற்றுப் பாடத்தைத் தேர்வுக்கு முந்தைய இரவுக்கு ஒதுக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் காட்சிக்கூடம் சென்னைக் கல்லூரியிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சிலையைத் தேர்ந்து, முன்புறம், பக்கவாட்டு எனக் கோணம் மாற்றி வரைந்து, உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறது, ஆடையின் மடிப்பு எங்கே முடிகிறது என்று அருகிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவ்வாறு பழகியவருக்கு விடைத்தாளில் எழுதச் சொந்தச் சொற்கள் இருக்கும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கல்விக் கட்டணம் குறைவாக இருந்தாலும் வண்ணம், தாள், தகடு ஆகியவற்றுக்கான செலவு ஆண்டு முழுதும் தொடரும். பயிற்சிக்கு மலிவான தாளைப் பயன்படுத்தி, ஒப்படைக்கும் பணிக்கு மட்டும் நல்ல தாளை வாங்குங்கள். நண்பர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் சுமை குறையும். பிழைப்புக்காகக் கைத்தொழில் செய்வதில் இழுக்கு ஏதுமில்லை. 1966-இல் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் ஓவியர்கள், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றே தங்கள் ஓவியத்தைத் தொடர்ந்தனர்.

மூன்றாம் ஆண்டுக்குள் உங்கள் படைப்புகள் ஒவ்வொன்றையும் மறைமுகமான பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுத்து, தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவற்றோடு சேமித்து வையுங்கள். முதுகலைப் படிப்புக்கோ உதவித்தொகைக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியதில்லை. ஒரே சிந்தனை படிப்படியாக வளர்ந்ததைக் காட்டும் பத்துப் பன்னிரண்டு படைப்புகளும், அவற்றுக்கு அடிப்படையான வரைவேட்டின் சில பக்கங்களும் போதும்.