பதற்றம் தணியச் சேர்ந்து தாளம் போடுதல்: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

பதற்றத்தில் இருப்பவரிடம் மூச்சை மெதுவாக விடச் சொன்னால், பலருக்குக் கவனம் முழுவதும் மூச்சின் மீதே குவிந்து படபடப்பு கூடிவிடுகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து, கர்நாடக இசையின் எட்டு எண்ணிக்கைத் தாளமான ஆதி தாளம் போடும்போதோ அந்தப் பொறுப்பைத் தாளமே ஏற்றுக்கொள்கிறது. சேர்ந்து பாடுவோரின் இதயத்துடிப்பு ஒருசேர ஏறி இறங்குவதை ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதலில், ஒருவர் கை மற்றவருக்குத் தெரியும்படி வட்டமாக அமருங்கள். கைபேசியில் சீரான வேகத்தில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 48 தட்டு என்று வையுங்கள். எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, அப்போது சரியாக 10 விநாடி எடுக்கும். ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு மூச்சு என்று வைத்தால், ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை நிகழும் சுவாசம் ஆறுக்கு இறங்கும்.

அடுத்தது கை. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என ஒவ்வொன்றாக எண்ணுதல்: இது லகு. தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புதல்), தட்டு, வீச்சு: இவை இரண்டு த்ருதங்கள். கை பழகும்வரை யாரும் பேச வேண்டாம்.

மூன்றாவதாக, லகுவில் மூக்கால் மூச்சை இழுத்து, த்ருதங்களில் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தாக ‘த, க, தி, மி’ என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். தலை சுற்றினால் சொல்லை விட்டுவிட்டு, இயல்பாகச் சுவாசித்தபடி கையை மட்டும் தொடரலாம். மருத்துவர் மருந்து கொடுத்திருந்தால் இதை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

இப்போது கருவிகள். லகுவின் முதல் தட்டில் ஒருவர் ஜால்ராவை விளிம்போடு விளிம்பு மெல்ல உரசட்டும். அந்த ஒலி தேயத் தேய மற்றவர்களின் மூச்சு உள்ளே போகும். த்ருதத் தட்டுகள் இரண்டும் கையால் தட்டும் சிறு தோல் கருவியான கஞ்சிராவுக்கு. அதன் தோலின் உட்புறத்தில் சில சொட்டுத் தண்ணீர் தடவினால் ஒலி கனமாக இறங்கும். மிருதங்கம் நன்றாக வாசிப்பவர் குழுவில் இருந்தால் அவரிடம் ஜால்ராவைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சற்று நேரத்தில் அது, கச்சேரியில் தாளக் கலைஞர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனமாகிவிடும்.

தாளம் தவறியவர் மன்னிப்புக் கேட்கவோ மற்றவர்கள் நிறுத்தவோ வேண்டாம். கையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த முதல் தட்டில் சேர்ந்துகொண்டால் போதும். அதிகபட்சம் 10 விநாடிக் காத்திருப்புதான், அதற்குள் சுற்றை மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

இது பழகிய பிறகு, த்ருதங்களில் எண்ணிக்கைக்கு இரண்டெழுத்தாக ‘தக, திமி, தக, ஜுனு’ என்று சொல்லிப் பாருங்கள். மெட்ரோனோமை மட்டும் 48-லிருந்து ஏற்ற வேண்டாம்.