சென்சார் மாட்டியும் மின்சாரம் ஏன் குறையவில்லை? இணைக்கப்பட்ட தொழிற்சாலைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தொழிற்சாலையில் நூறு மீட்டர் மாட்டி, எல்லாவற்றையும் நெட்வொர்க்கில் கோத்து, பெரிய திரையில் வரைபடங்களை ஓடவிட்டாலும் ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தானாகக் குறையாது. மீட்டர் அளக்கும், அவ்வளவுதான். வால்வை மூடுவதும் மோட்டாரை நிறுத்துவதும் ஓட்டையை அடைப்பதும் ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. இல்லையென்றால் ஆட்கள் யோசித்து எழுதிய புரோகிராம் செய்ய வேண்டிய வேலை. 2011இல் ஹானோவர் தொழிற்கண்காட்சியில் இயந்திரங்களை நெட்வொர்க்கில் இணைக்கும் 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயர் அறிமுகமானதிலிருந்து கருவிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் சேமிப்பு கைநழுவுவது பெரும்பாலும் பழைய, எளிய இடங்களில்தான்.

மீட்டரைச் சரிபார்க்காமல் நெட்வொர்க்கில் கோப்பது

மூன்று பேஸ் மின்சாரத்தை அளக்க ஒவ்வொரு பேஸ் கேபிளையும் சுற்றி ஒரு சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வளையம் வேண்டும். கோளாறு தொடங்குவது இங்கேதான். ஒரு சி.டி. தலைகீழாக மாட்டப்பட்டால் அந்தப் பேஸின் வாட் கணக்கு கழித்தல் குறியோடு வரும். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருக்கும் மோட்டாரில் மொத்தக் கணக்கு உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். இரண்டு சி.டி.க்களின் ஒயர்கள் பேஸ் மாறிப் போனால் இன்னும் மோசம்: மோட்டார் முழு லோடில் ஓடினாலும் கூட்டல் கிட்டத்தட்டப் பூஜ்யம். விகிதத்தைத் தப்பாகப் பதிவதும் உண்டு. 200/5 சி.டி.யை (200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்துத் தருவது) மாட்டிவிட்டு மீட்டரில் 100/5 என்று பதிந்தால் பாதிதான் தெரியும். பூஜ்யத்தைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். பாதியைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள். அதனால் இந்தத் தவறுதான் நீண்ட காலம் பிடிபடாமல் கிடக்கும்.

பிற்காலத்துக்கு உதவும் என்று தேவைக்கு மிகப் பெரிய சி.டி.யை மாட்டுவதும் தவறே. கிளாஸ் 1 என்ற துல்லியத் தரத்து சி.டி.க்கு முழு மின்னோட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பிழை 1 சதவீதம்; 20 சதவீத மின்னோட்டத்தில் 1.5, 5 சதவீதத்தில் 3. அதாவது 800 ஆம்பியர் சி.டி. 40 ஆம்பியரை அளக்கும்போதே 3 சதவீதம் தவறலாம். அதற்கும் கீழே இரவு நேரச் சிறு லோடுகள் எவ்வளவு தவறும் என்பதற்கு அந்தத் தரத்தில் உத்தரவாதமே இல்லை. இணைக்கப்பட்ட மீட்டர்களிடம் நாம் முக்கியமாகத் தேடுவதே அந்த இரவு எண்ணைத்தான்.

சரிபார்க்கும் முறை எளிது. மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு பேஸின் கிலோவாட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றும் நேர்க்குறியிலும் ஏறக்குறைய சமமாகவும் இருக்க வேண்டும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை ஒப்பிடுங்கள். பிறகு ஒரு வாரத்துக்கு மெயின் மீட்டரின் யூனிட்டையும் உட்பிரிவு மீட்டர்களின் கூட்டலையும் பக்கத்தில் வையுங்கள். மீட்டர் இல்லாத லோடுகளைக் கழித்த பின்னும் 5 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அதைத் தீர்க்காமல் மேலே போக வேண்டாம். ஓர் எச்சரிக்கை: லோடு ஓடும்போது சி.டி.யின் செகண்டரி ஒயரை (மீட்டருக்குப் போகும் ஒயர்) கழற்றவே கூடாது. திறந்த முனைகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் எழும். முதலில் இரு முனைகளையும் இணைக்கும் ஷார்ட்டிங் லிங்க், அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர்.

மீட்டரிலிருந்து எண்ணை எடுப்பதிலும் கவனம் வேண்டும். கிலோவாட்டை அவ்வப்போது எடுத்துச் சராசரி போட்டு யூனிட் கணக்கிடுவதைவிட, மீட்டரே கூட்டிக்கொண்டு போகும் மொத்த யூனிட்டைப் பதிவது நல்லது. நெட்வொர்க் இரண்டு மணி நேரம் விழுந்து எழுந்தாலும் முன்னதையும் பின்னதையும் கழித்தால் விடை கிடைத்துவிடும். மீட்டர்கள் தரவு அனுப்பும் மொழியான மோட்பஸில் இந்த எண் பெரும்பாலும் 32 பிட்டாக, இரண்டு ரெஜிஸ்டர்களில் (16 பிட் அறைகளில்) இருக்கும். கீழ்ப்பாதியை மட்டும் படித்தால் 65,535ஐத் தொட்டதும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். இரண்டையும் வரிசை மாற்றிப் படித்தால் அர்த்தமில்லாத எண் வரும்.

கிலோவுக்கு எத்தனை யூனிட் என்ற ஒற்றை எண்ணை நம்புவது

எந்தத் தொழிற்சாலையிலும் உற்பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும் அடிப்படை லோடு ஒன்று உண்டு: விளக்கு, காற்றோட்டம், குளிரூட்டல், காத்திருக்கும் இயந்திரங்கள். அது நாளுக்கு 400 யூனிட் என்றும், ஒரு கிலோ பொருளுக்குக் கூடுதலாக 0.8 யூனிட் என்றும் வைத்துக்கொள்வோம். 2,000 கிலோ செய்த நாளில் கிலோவுக்கு 1 யூனிட். 1,000 கிலோ செய்த நாளில் 1.2. 500 கிலோதான் என்றால் 1.6. யாரும் எதையும் வீணாக்கவில்லை. ஆர்டர் குறைந்தது, அவ்வளவே. ஆனால் அறிக்கையில் அந்த மாதம் திறன் சரிந்ததாக வரும், அடுத்த மாதம் ஆர்டர் ஏறினால் பாராட்டு வரும். இரண்டுமே பொய்யான செய்தி.

சரியான வழி: நாளுக்கு ஒரு புள்ளியாக உற்பத்தியையும் யூனிட்டையும் வரைபடத்தில் குறித்து, அவற்றின் நடுவே ஒரு நேர்கோடு பொருத்துங்கள். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் அடிப்படை லோடு. கோட்டின் சாய்வு, கிலோவுக்கான செலவு. இனி மேலே சொன்ன தொழிற்சாலையில் 1,500 கிலோ செய்த நாளுக்கு எதிர்பார்ப்பு 1,600 யூனிட். ஓடியது 1,520 என்றால் 80 யூனிட் உண்மையான சேமிப்பு. இந்த வித்தியாசத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால், எந்தத் தேதியில் போக்கு திரும்பியது என்று பளிச்சென்று தெரியும். ஆற்றல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 50001 தரநிலை கேட்கும் ஆற்றல் அடிப்படைக் கோட்டின் சாரம் இதுதான். புள்ளிகள் கோட்டைச் சுற்றித் தாறுமாறாகச் சிதறினால், உற்பத்தியைத் தவிர வேறேதோ (வெளி வெப்பநிலை, பொருள் வகை) செலவைத் தீர்மானிக்கிறது என்று அர்த்தம். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெட்டுப்புள்ளி பெரிதாக இருந்தால் அங்கேதான் வேலை இருக்கிறது. உற்பத்தி அறவே இல்லாத விடுமுறை நாள் நள்ளிரவில் எது ஓடுகிறது என்று ஒரு பட்டியல் எடுத்தால், பெரும்பாலும் முதலிடத்தில் நிற்பது காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர்.

அழுத்தக் காற்றைச் செலவில்லாத காற்றாக நினைப்பது

6 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நொடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்றைக் கக்கும். அதை ஈடுகட்டக் கம்ப்ரஸருக்கு ஏறக்குறைய 3.5 கிலோவாட் வேண்டும். வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 28,000 யூனிட். பராமரிப்பு சரியில்லாத இடங்களில் உற்பத்தியாகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போவது வழக்கம். வேலை நேரத்து இரைச்சலில் இது காதில் விழாது.

மாறாத வேகக் கம்ப்ரஸரில் கசிவை அளக்க விலையுயர்ந்த ஃப்ளோ மீட்டர் தேவையில்லை. காற்றைப் பயன்படுத்தும் எல்லா இயந்திரங்களும் நின்ற பிறகு கம்ப்ரஸரை ஓடவிட்டு, எத்தனை நொடி லோடில் (காற்றை அழுத்தும் நிலை), எத்தனை நொடி அன்லோடில் (அழுத்தாமல் சும்மா சுழலும் நிலை) இருக்கிறது என்று ஐந்தாறு சுற்றுகள் குறியுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் பங்கு வந்துவிடும். 40 நொடி லோடு, 120 நொடி அன்லோடு என்றால் 25 சதவீதம். நிமிடத்துக்கு 10 கனமீட்டர் திறனுள்ள கம்ப்ரஸரில் 2.5 கனமீட்டர் சும்மா போகிறது. கம்ப்ரஸரில் மின் மீட்டர் இருந்தால் வாராந்திர விடுமுறையில் இதைத் தானாகவே கணக்கிடலாம். ஆனால் பதிவு ஒன்று அல்லது இரண்டு நொடிக்கு ஒரு முறை இருக்க வேண்டும். ஒரு நிமிடச் சராசரி எடுத்தால் 40 நொடி லோடு கரைந்து காணாமல் போய்விடும்.

அடுத்த தவறு, கசிவை அடைத்ததோடு நிறுத்திக்கொள்வது. ஸ்க்ரூ கம்ப்ரஸர் அன்லோடில் ஓடும்போதும் முழு மின்சாரத்தில் 25 முதல் 40 சதவீதம் வரை குடிக்கும். ஓட்டையை அடைத்தால் லோடு நேரம் குறைந்து அன்லோடு நேரம் கூடுமே தவிர, எதிர்பார்த்த மிச்சம் முழுதாகக் கைக்கு வராது. ஆட்டோ ஸ்டாப் டைமரைச் சரிசெய்து, தேவையில்லாத கம்ப்ரஸர் உண்மையிலேயே நிற்கும்படி வரிசையை அமைக்க வேண்டும். மோட்டார் மணிக்கு எத்தனை முறை ஸ்டார்ட் ஆகலாம் என்ற தயாரிப்பாளரின் வரம்பை மீறாமல் இதைச் செய்யுங்கள்.

ஒரு மூலையில் இருக்கும் இயந்திரத்துக்கு அழுத்தம் போதவில்லை என்று கம்ப்ரஸரிலேயே அழுத்தத்தை ஏற்றுவதும் பழகிப்போன தவறு. 1 பார் ஏற்றினால் மின்செலவு 6 முதல் 7 சதவீதம் கூடும், கசிவுகளும் சேர்ந்து கூடும். அந்த மூலையின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஹோஸ் மெலிதாக இருக்கிறதா, குயிக் கப்ளர் அழுத்தத்தைத் தின்கிறதா என்று இரண்டு பிரஷர் கேஜ்களை வைத்துப் பார்த்தால் அநேகமாகக் காரணம் அங்கேயே கிடைக்கும்.

காத்திருக்கும் இயந்திரத்தை ஓடவிடுவது

சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு) இயந்திரம் பொருளைத் தொடாமல் நிற்கும்போதும் ஹைட்ராலிக் பம்பும் கூலன்ட் பம்பும் புகை உறிஞ்சியும் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் மறுபடி சூடேறி அளவு நிலைக்க நேரமாகும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் அச்சத்தை எண்ணாக மாற்றுங்கள். சும்மா நிற்கும்போது 6 கிலோவாட் எடுக்கும் இயந்திரம், மறுபடி வேலைக்குத் தயாராக 2 யூனிட் செலவழிக்கிறது என்றால் எல்லைக்கோடு 20 நிமிடம். அதற்கு மேல் நீளும் நிறுத்தங்களில் அணைப்பதே லாபம். தொடக்கத்தில் வீணாகும் முதல் உருப்படிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்தால் எல்லைக்கோடு நீளும், சில இயந்திரங்களுக்கு மணிக்கணக்கில்கூட. நேரம் தெரிந்த பிறகு முடிவை ஆப்பரேட்டரின் நினைவில் விடாமல் பிஎல்சியில் (இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர்) எழுதிவிடலாம். இடைவேளைகளில் பகுதி பகுதியாக அணைப்பதற்கென்றே புரோஃபிநெட் என்ற தொழிற்சாலை நெட்வொர்க் முறையில் புரோஃபிஎனர்ஜி என்ற வசதி இருக்கிறது. பாதுகாப்புச் சுற்றுகளும் கன்ட்ரோலரும் மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கட்டும்.

எல்லாப் பம்புக்கும் டிரைவ்

டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டி வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 51 சதவீதமாகும் என்பது ஃபேன்களுக்கும், சுற்றோட்டக் குழாய்களில் ஓடும் பம்புகளுக்கும் பொருந்தும். தண்ணீரை உயரத்துக்குத் தூக்கும் பம்புக்கு அப்படியே பொருந்தாது. முழு வேகத்தில் அதிகபட்சம் 30 மீட்டர் தூக்கக்கூடிய பம்ப், 80 சதவீத வேகத்தில் 19.2 மீட்டர்தான் தூக்கும். தொட்டி 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் மோட்டார் சுற்றும், ஒரு சொட்டும் மேலே போகாது, பம்புக்குள் தண்ணீர் சூடாகி சீல் கெடும். எப்போதும் முழு வேகத்தில் ஓடும் மோட்டாருக்கு டிரைவ் மாட்டினால் டிரைவின் சொந்த இழப்பு சில சதவீதம் கூடுவதுதான் மிச்சம்.

தேவைக்கு மேல் தரவு

மூன்று அச்சுகளில் நொடிக்கு 25,600 அளவீடுகள், ஒவ்வொன்றும் 2 பைட். இப்படி ஓயாமல் அனுப்பும் ஒரே ஓர் அதிர்வு சென்சார் நாளுக்கு 13 ஜிகாபைட்டைத் தாண்டும். ஒரு சாதாரணப் பம்பின் பேரிங்குக்கு இது வேண்டாம். சென்சாருக்குப் பக்கத்திலேயே கணக்கிட்டு, மணிக்கு ஒரு முறை அதிர்வு வேகத்தின் ஆர்எம்எஸ் மதிப்பும் (ஒருவகைச் சராசரி) வெப்பநிலையும், நாளுக்கு இரண்டு முறை சில நொடி முழு அலைவடிவமும் அனுப்பினால் போதும். பேட்டரி சென்சார்களில் அனுப்பும் இடைவெளியே பேட்டரியின் ஆயுள். பேட்டரியை மாற்ற முடியாதபடி ஒட்டி மூடிய சென்சார்களை நூற்றுக்கணக்கில் வாங்கினால், சில வருடங்களில் அத்தனையும் மின்கழிவாகிவிடும். பக்கத்தில் மின்சாரம் இருக்கும் இடத்தில் ஒயர் இழுப்பதே நல்லது.

எச்சரிக்கை மணிகளும் அப்படியே. ஓர் ஆப்பரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பது தொழில்துறை வழிகாட்டுதல்கள் ஏற்கும் அளவு. அதற்கு மேல் போனால் எல்லாவற்றையும் படிக்காமலே அழுத்தி மூடுவார்கள். யார், என்ன, எத்தனை மணிக்குள் செய்ய வேண்டும் என்று எழுத முடியாத மணியை நீக்கிவிடுங்கள்.

மின் கணக்குக்காகக் கதவைத் திறந்து வைப்பது

1979இல் வந்த மோட்பஸில் கடவுச்சொல் என்பதே கிடையாது. நெட்வொர்க்குக்குள் வந்த யாரும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். மீட்டர்களைத் தனி நெட்வொர்க்கில் வைத்து, படிக்க மட்டும் அனுமதிக்கும் கேட்வே (இடைவாசல் கருவி) வழியாக வெளியே விடுங்கள். நார்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோவை 2019 மார்ச்சில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கியபோது பல ஆலைகள் கையால் இயக்கும் முறைக்குத் திரும்ப வேண்டிவந்தது. கணினி இல்லாமலும் பாதுகாப்பாக ஓட்டும் முறை தாளில் அச்சிட்டு இயந்திரத்தின் அருகே இருக்க வேண்டும்.

கார்பன் கணக்கில் விட்டுப்போவது

மீட்டர் தரும் யூனிட்டை மின்கட்டமைப்பின் உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற எண்) பெருக்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். குளிரூட்டியில் கசியும் வாயு எந்த மின் மீட்டரிலும் தெரியாது. ஆர்-410ஏ என்ற குளிரூட்டி வாயு ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சர்வீஸ் ஆட்கள் எத்தனை கிலோ நிரப்பினார்கள் என்பது பெரும்பாலும் பில்லில் மட்டும் இருக்கிறது. அதை உபகரணம் வாரியாகப் பதிந்தாலே எந்தக் குளிரூட்டி ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்கியதால் உமிழ்வு பூஜ்யம் என்று மட்டும் எழுதுவதும் பிழை. உமிழ்வுக் கணக்குக்கு விதிகள் வகுக்கும் கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் 2015இல் வெளியிட்ட ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரம் முதலியவற்றின் உமிழ்வு) வழிகாட்டுதல், அத்தகைய சந்தைகளில் இரண்டு எண்களையும் காட்டச் சொல்கிறது: சான்றிதழைக் கணக்கில் எடுத்தது ஒன்று, உண்மையில் மின்சாரம் வந்த கட்டமைப்பின் சராசரியில் கணக்கிட்டது மற்றொன்று. இரண்டாவது எண் குறையாவிட்டால் உள்ளே ஓடும் மோட்டார்கள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

வகுக்கும் எண்ணிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. மொத்த உருப்படிகளால் வகுத்தால் கழிவு மறைந்துவிடும். தேறிய உருப்படிகளால் வகுக்க வேண்டும். 5 சதவீதம் கழிந்தால் தேறிய ஒவ்வொன்றின் தலையிலும் 5.3 சதவீதம் கூடுதல் ஆற்றல் ஏறும். கடைசி நிலையத்தில் கழிக்கப்படும் உருப்படி முன்னால் கடந்த உலை, இயந்திரம், கழுவுதல் எல்லாவற்றின் செலவையும் சுமந்துகொண்டு போகிறது. ஆகவே புதிதாக வாங்கும் கேமராவையோ அளவு சென்சாரையோ வரிசையின் முடிவில் மாட்டாமல், அதிக ஆற்றல் குடிக்கும் நிலையத்துக்கு, பெரும்பாலும் உலைக்கு, ஒரு படி முன்னால் மாட்டுங்கள்.