தெரு வேலை தொடங்கும் முன்பே நடைபாதையைச் சட்டப்படி கேட்பது எப்படி?

சென்னையில் ஒரு தெருவைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றதும், தார் எப்போது போடுவார்கள் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நடைபாதை எத்தனை மீட்டர் என்று கேட்பவர் அரிது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுக்கும் மனுவுக்கு "மதிப்பீட்டில் (வேலைக்கான செலவுக் கணக்கில்) இல்லை" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும் என்பதால், அளவையும் சட்டப் பிரிவையும் குறிப்பிட்டு முன்கூட்டியே கேட்க வேண்டும்.

முதலில், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிய, சாலை மாநகராட்சியுடையதா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, அளவு நாடாவுடன் தெருவில் நடந்து பாருங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) 103ஆம் நெறிமுறைப்படி, நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். அதன் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. "தடையற்ற" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. வரைபடத்தில் 2 மீட்டர் இருக்கும் நடைபாதையில், மின்பெட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே சக்கர நாற்காலி நுழையாமல் போகலாம்; ஆகவே மிகக் குறுகலான இடத்தில் அளந்து, நாடா தெரியும்படி படம் எடுங்கள். வீட்டு வாசல்தோறும் காருக்காக நடைபாதையைச் சரித்துவிட்டால் முதியவர்கள் ஏறி இறங்கிச் சலித்துச் சாலைக்கே வந்துவிடுவார்கள் என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

சட்டத்தில் இரண்டு பிடிமானங்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் விதித்த தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உயிருக்கு இது அற்பத் தொகைதான். ஆனாலும் மனுவில் இந்தப் பிரிவைக் கண்ட பொறியாளர் வரைபடத்தை இன்னொரு முறை பார்ப்பார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க சாலைகளைக் கோருகிறது. இவற்றோடு, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஒதுக்க வேண்டும் என்ற மாநகராட்சியின் 2014 கொள்கையையும் சுட்டிக்காட்டலாம். அது சட்டமன்று, ஆனால் அவர்களே ஏற்றுக்கொண்ட வாக்கு.

நடைபாதைக் கடைகளை அகற்றுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் பாதுகாப்பு தருகிறது. கடைக்கும் நடைக்கும் தனித்தனி இடம் கேட்பதே முறை.

தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, மதிப்பீட்டு நகலையும் குறுக்குவெட்டு வரைபடத்தையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் வேலை அதில் உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்து, நடைபாதை தரையோடு தரையாகி, வண்டிகள் அதன் மேலேயே ஏறி நிற்கும்.

மனுவைப் பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில்) கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் செய்து, ஒப்புகை வாங்குங்கள். வேலை முடிந்ததும், ஒப்பந்ததாரரின் இறுதி பில் பாஸ் ஆவதற்குள் அதே இடத்தில் அதே நாடாவை வைத்து மறுபடி அளந்து, குறை இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள்.