தொகுதி மக்களுக்கு பட்ஜெட் அறிக்கை எழுதுவது எப்படி? எம்.எல்.ஏ. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்ததும் தொகுதிக்குள் எங்கே போனாலும் ஒரே கேள்விதான் வரும்: "நம்ம ஊருக்கு என்னப்பா வந்துச்சு?" இதற்கு இரண்டு பக்கத்துக்குள் நேர்மையாக ஒரு பதில் எழுதித் தருவது எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருக்கும் நம் வேலை. எங்கள் அலுவலகத்தில் இதை நான் எழுத ஆரம்பித்தபோது முன்மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. பல அலுவலகங்களில் இன்றும் பட்ஜெட் உரையின் சிறப்பம்சங்களை அப்படியே அச்சடித்து, மேலே எம்.எல்.ஏ. படத்தைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வாங்கிப் படிப்பவருக்குத் தன் ஊரைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. எனக்குக் கைவந்த முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மானியக் கோரிக்கை என்பது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்பது. பட்ஜெட்டின் அடிப்படைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

1. எங்கே தேடுவது

பட்ஜெட் உரை மாநிலம் முழுமைக்குமானது. 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்த 2025-26 உரையில் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.41,635 கோடி என்றும், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ரூ.13,807 கோடி என்றும் இருக்கும். இவற்றை அறிக்கையின் தொடக்கத்தில் நான்கு வரியில் சொன்னால் போதும். மறுநாள் தாக்கலான வேளாண் பட்ஜெட்டையும் மறக்காதீர்கள். 2021 முதல் அது தனியாக வருகிறது. விவசாயத் தொகுதிக்கு அதை விட்டுவிட்டு எழுதினால் பாதி அறிக்கைதான்.

ஊர்ப் பெயரோடு வரும் சேதிகள் பெரும்பாலும் துறைவாரி மானியக் கோரிக்கை விவாதத்தில்தான் கிடைக்கும். பதிலுரையின் முடிவில் துறை அமைச்சர் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். அதே நாளில் பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் நடந்துகொண்டிருக்கும் பணிகளின் விவரம் இருக்கும். மக்கள் நல்வாழ்வு 19, நெடுஞ்சாலை 21, பள்ளிக் கல்வி 43 என்று கோரிக்கை எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். பேரவை விதிகளில் 110-ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் வாசிக்கும் அறிவிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். அவற்றின் மீது விவாதம் கிடையாது என்பதால் மறுநாள் பேரவைச் செய்தியில் சுருக்கமாகவே வரும். தவறிப்போக வாய்ப்பு அதிகம்.

2. பிடிஎஃப்பிலிருந்து எடுப்பது

தமிழ்ப் பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் சில சமயம் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்து விழும். கோப்பு கெட்டுவிடவில்லை. அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில், பெரும்பாலும் வானவில்லில், தட்டச்சு செய்யப்பட்டது. என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேன் செய்து ஏற்றிய பக்கமாக இருந்தால் எழுத்துணரியை (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளை) நம்பாமல் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள், குறிப்பாக எண்களை. 3-உம் 8-உம் இடம் மாறினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கணக்குக்கு நான் லிப்ரே ஆபீஸ் கால்க்தான் பயன்படுத்துகிறேன். எக்செல் இருந்தால் அதுவும் சரி. கைபேசிச் செயலியில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

3. ஆயிரமா, லட்சமா, கோடியா

பட்ஜெட் உரை கோடியில் பேசும். விரிவான மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் தொகை ஆயிரம் ரூபாயில் அச்சாகியிருக்கும். வேறு சில அட்டவணைகள் லட்சத்தில் இருக்கும். பக்கத்தின் வலது மேல் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் அலகைப் பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட எடுக்காதீர்கள்.

ஆயிரத்தில் இருந்தால் கடைசி நான்கு இலக்கங்களை வெட்டினால் கோடி. 13,80,70,000 என்பது 13,807 கோடி. 24,500 என்றிருந்தால் 2.45 கோடி. லட்சத்தில் இருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை வெட்டுங்கள்.

அதே அட்டவணையில் ஒரே தலைப்புக்கு நேராகப் பல நெடுவரிசைகள் இருக்கும்: முந்தைய ஆண்டுகளின் கணக்கு, நடப்பு ஆண்டின் வரவு-செலவுத் திட்ட மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. கணக்கு என்பது உண்மையில் செலவானது. மதிப்பீடு என்பது செலவழிக்க நினைப்பது. திருத்திய மதிப்பீடு என்பது ஆண்டு முடியும் முன் அதைச் செலவுக்கு ஏற்பத் திருத்தியது. வரும் ஆண்டின் மதிப்பீட்டை நடப்பு ஆண்டின் மதிப்பீட்டோடு மட்டும் ஒப்பிட்டு "இவ்வளவு உயர்ந்திருக்கிறது" என்று எழுதாதீர்கள். திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் வையுங்கள். போன வருடம் அறிவித்ததில் பாதிதான் செலவாகியிருந்தால் அது அந்த நெடுவரிசையில்தான் தெரியும்.

இன்னொன்று. மாநிலத் தொகையை 234-ஆல் வகுத்து "நம் தொகுதிக்கு இவ்வளவு" என்று போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 13,807-ஐ 234-ஆல் வகுத்தால் 59 கோடி வரும். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. பயனாளிகள் தொகுதிக்குத் தொகுதி வேறுபடுவார்கள். தொகுதிக் கணக்கு வேண்டுமென்றால் தாலுகா அலுவலகத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ எழுதிக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த வரியையே விட்டுவிடுங்கள்.

4. ஒவ்வொரு பணிக்கும் நிலையைப் போடுங்கள்

அறிக்கையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதிக நேரம் என்னை உட்கார வைத்ததும் இதுதான்.

பேரவையில் ஒரு அறிவிப்பு வந்தவுடன் ஊரில் வேலை தொடங்கிவிடாது. அறிவிப்புக்குப் பிறகு அரசாணை வர வேண்டும். நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), பணி ஆணை எல்லாம் முடிந்த பிறகுதான் மண்வெட்டி மண்ணைத் தொடும். இதில் எந்தப் படியிலும் மாதக்கணக்கில் நிற்கலாம். மக்களுக்குக் கோபம் வருவது தாமதத்தால் மட்டும் அல்ல. "வந்துவிட்டது" என்று மார்ச்சில் படித்துவிட்டு, டிசம்பரில் போய்ப் பார்த்தால் வெறும் தரையாக இருப்பதுதான் அவர்களைப் புண்படுத்துகிறது.

வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

"அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ரூ.2.45 கோடியில் புதிய வகுப்பறைகள்! நம் எம்.எல்.ஏ.வின் முயற்சிக்கு வெற்றி!"

இதையே இப்படி மாற்றிப் பாருங்கள் (தொகை மாதிரிக்குத்தான்):

"அரசு மேல்நிலைப் பள்ளி, கூடுதல் வகுப்பறைகள். மதிப்பீடு ரூ.2.45 கோடி. நிலை: பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கையில் அறிவிக்கப்பட்டது, அரசாணை இன்னும் வரவில்லை. அடுத்து நடக்க வேண்டியது: அரசாணை, பிறகு ஒப்பந்தப்புள்ளி. கேட்க வேண்டிய இடம்: பொதுப்பணித் துறை உட்கோட்ட அலுவலகம்."

இரண்டாவதில் ஆரவாரம் கிடையாது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தலைமையாசிரியர் நேராகப் போய்க் கேட்க முடியும். அரசாணை வந்திருந்தால் எண்ணையும் நாளையும் கட்டாயம் போடுங்கள். எண் கையில் இல்லை என்றால் "அரசாணை வந்துள்ளது" என்று எழுதாதீர்கள், துறையில் யாராவது போனில் உறுதியாகச் சொல்லியிருந்தாலும் சரி.

2022 ஆகஸ்டில் எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கேட்டாரே, அந்தப் பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் அதற்கும் இதே முறையில் நிலை எழுதுங்கள். எது நிறைவேறியது, எது நிராகரிக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதும்போது, நிராகரிக்கப்பட்டதையும் மக்கள் புரிந்துகொள்கிறார்கள்.

5. சட்டமுன்வடிவுகள்

கூட்டத்தொடரில் பல சட்டமுன்வடிவுகள் (மசோதாக்கள்) நிறைவேறும். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். தொகுதி மக்களின் வேலை, வாடகை, நிலம், படிப்பு, உள்ளாட்சி இவற்றைத் தொடுவதில் மூன்று அல்லது நான்கைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: இப்போது என்ன விதி, என்ன மாறும், இன்று எந்த நிலையில் இருக்கிறது.

"நிறைவேறியது" என்றால் "சட்டமாகிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 24-ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 22-ஆம் தேதி "புதிய சட்டம் வந்துவிட்டது" என்று அச்சுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! நீட் விலக்கு சட்டமுன்வடிவு 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறி, குடியரசுத் தலைவருக்குப் போய், ஒப்புதல் மறுக்கப்பட்டது. இணையவழிச் சூதாட்டத் தடை சட்டமுன்வடிவும் திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்ட பிறகுதான் ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது.

ஒப்புதல் எப்போது வரும் என்று நாள் குறிப்பிட்டு எழுதாதீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஆளுநருக்குக் காலவரம்பு வகுத்தது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலவரம்பு விதிக்க முடியாது என்று கருத்துரைத்தது. ஆகவே "ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்பதோடு நிறுத்துங்கள்.

ஒப்புதல் வந்து அரசிதழில் வெளியான பிறகும் ஒன்றைப் பார்க்க வேண்டும். சட்டத்தின் முதல் பிரிவில், "அரசு அறிவிக்கையின் மூலம் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்று பல சட்டங்களில் இருக்கும். அந்த அறிவிக்கை வராதவரை சட்டம் ஏட்டில்தான். நான் முதலில் படிப்பது எப்போதும் இந்தப் பிரிவைத்தான்.

6. தொகுதி மேம்பாட்டு நிதி

ஆண்டுக்கு ரூ.3 கோடி. இதற்குத் தனி அட்டவணை: பணி, இடம், தொகை, நிலை. எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார், நிர்வாக ஒப்புதல் மாவட்ட நிர்வாகத்தின் கையில். "எம்.எல்.ஏ. கட்டிக்கொடுத்தார்" என்று எழுதாமல் "எம்.எல்.ஏ. பரிந்துரையில், தொகுதி மேம்பாட்டு நிதியில்" என்று எழுதுங்கள். அது மக்களின் வரிப்பணம்.

7. அச்சும் விநியோகமும்

ஏ4 தாளின் இரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 13-க்குக் குறையாமல். பளபளக்கும் வண்ணத் தாள் தேவையில்லை. அந்தக் காசில் இன்னும் ஆயிரம் பிரதிகள் எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், பெரிதாக்கினால் எழுத்து மங்கும். பிடிஎஃப்போடு, நேரடியாகத் தட்டச்சு செய்த சுருக்கத்தையும் அனுப்புங்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு எம்.எல்.ஏ.வின் குரலிலேயே இரண்டு நிமிட ஒலிப்பதிவு. இதற்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு எதற்கும் கிடைப்பதில்லை.

ஊராட்சிகளுக்கு மே 1 கிராம சபை பொருத்தமான நாள். கூட்டத்தொடர் அதற்குள் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே படித்துக்காட்டினால் கேள்விகள் அங்கேயே வரும். வருவதை எழுதி எடுத்து வாருங்கள்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருக்கும் ஒரு நண்பர், "நாங்கள் எழுதினால் அரசுக்கு விளம்பரம் ஆகிவிடாதா?" என்று கேட்டார். ஆகாது. நிலையை முதல் பக்கத்தில் அப்படியே எழுதுங்கள். விமர்சனத்தையும் பேரவையில் நீங்கள் பேசியதையும் கொடுத்த வெட்டுத் தீர்மானங்களையும் (மானியத்தைக் குறைக்கக் கோருபவை) தனித் தலைப்பில், எம்.எல்.ஏ.வின் கருத்து என்று குறிப்பிட்டு எழுதுங்கள். இரண்டும் கலந்தால் இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆளுங்கட்சி அலுவலகத்துக்கும் இதே விதிதான்.

தேர்தல் ஆண்டில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்போது இடைக்கால பட்ஜெட்டும் சில மாதச் செலவுக்கான முன்பண மானியமும்தான் வரும். 2021-இல் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட். ஆட்சி மாறி, ஆகஸ்ட் 13 அன்று திருத்திய பட்ஜெட். நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது அறிக்கையை வெளியிடாமல், திருத்திய பட்ஜெட் வந்த பிறகு முழுதாக எழுதுங்கள்.

போன வருட அறிக்கையை என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். புதிய அறிக்கையின் முதல் பகுதியே அதுதான். போன வருடம் எழுதிய ஒவ்வொரு பணியையும் அதே வரிசையில் எடுத்து, பக்கத்தில் இன்றைய நிலையைப் போடுங்கள். நகராத பணிகளை நீக்கிவிடச் சொல்லி அலுவலகத்துக்குள்ளேயே அழுத்தம் வரும். நீக்காதீர்கள், "மாற்றமில்லை" என்று எழுதுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த "மாற்றமில்லை" வரிகளைத்தான் எம்.எல்.ஏ. அடுத்த கூட்டத்தொடருக்குக் கேள்விகளாக எழுதிக் கொடுக்கிறார்.